யெரெரூய்க் ஆலயத்தை மறுபடி எழுப்பலாமா? கல்லறைகளையும் சேர்த்து யோசிப்போம்

தெற்குவாசல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடம் ஆர்மீனியாவின் தலைநகர் யெரவானில் மருத்துவம் படித்தேன். ஊர் திரும்பி நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் கூடப் படித்தவர் ஒருவரின் கல்யாணத்திற்காக மறுபடி போனேன். படிக்கும் காலத்தில் அரைமணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஓர் இடத்திற்கு இந்த முறை ஒரு முழு நாளை ஒதுக்கினேன். யெரெரூய்க். ஷிராக் மாகாணத்தில், அனிபெம்சா என்ற சின்ன ஊரின் ஓரத்தில் நிற்கும் இடிந்த ஆலயம். 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பது பொதுவான கணிப்பு.

யெரவானிலிருந்து கியும்ரி போகும் சாலையில் தாலின் தாண்டி, மராலிக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அப்புறம் வெட்டவெளிதான். மரம் கிடையாது. கொஞ்ச தூரத்தில் அகுரியான் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அக்கரை துருக்கி. எல்லை 1993-இலிருந்து மூடிக் கிடக்கிறது. ஆர்மீனியர்களின் பழைய தலைநகரான அனியின் இடிபாடுகளும் அக்கரையில்தான், சில கிலோமீட்டர் தொலைவில்.

ஆலயத்திற்கு இப்போது கூரை இல்லை. உள்ளே வரிசையாக நின்ற தூண்களில் அடிப்பகுதிகள்தான் மிச்சம். ஆனால் சுற்றுச்சுவர் நிற்கிறது, அதிலும் தெற்குச் சுவர் கம்பீரமாக நிற்கிறது. படிப்படியாக உயரும் கல்மேடை, அதன்மேல் செம்மஞ்சள் நிற டஃப் கல், அதாவது எரிமலைச் சாம்பல் இறுகி உருவான கல். வாசல்களுக்கும் ஜன்னல்களுக்கும் மேலே செதுக்கிய வளைவுகள். மாலை வெயில் விழும்போது சுவர் உள்ளுக்குள் விளக்கு ஏற்றிய மாதிரி ஆகிவிடுகிறது. நான் வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாண வீட்டில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "விழுந்து கிடந்த கார்னி கோயிலை எழுப்பினோமே, இதையும் எழுப்பிவிடலாம். காசும் மனசும் வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. ஆனாலும் தலையாட்ட முடியவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். உங்களிடம் கேட்கிறேன்: எழுப்பலாமா?

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் கட்டுமானப் பொறியாளன், பழைய கட்டடங்களில் வேலை செய்தவன். முதலில் அந்தச் சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆர்மீனியாவின் பழைய ஆலயங்கள் முழுக்க முழுக்கக் கல் அடுக்கிக் கட்டியவை என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை என்று செதுக்கிய டஃப் கற்களை நிறுத்துவார்கள். நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி இறுக்குவார்கள். காரை இறுகியபின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதிதான். அதனால்தான் அங்கே பல இடிபாடுகளில் வெளிக்கல் உரிந்துபோன பிறகும் சுவர் நிற்கிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. கூரை போய்விட்டால் சுவரின் தலைப்பக்கம் திறந்துவிடும். மழையும் உருகும் பனியும் நேராக நடுப்பகுதிக்குள் இறங்கும். ஷிராக் மேட்டுநிலத்தில் குளிர்காலம் கொடியது. இறங்கிய தண்ணீர் உறைந்து விரியும், வெயிலில் உருகும், மறுபடி உறையும். டஃப் நுண்துளைக் கல், நன்றாகத் தண்ணீர் குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கல்லைத் தள்ளிவிடும். இத்தனைக்கும் மேல் அது நிலநடுக்க பூமி. 1988 டிசம்பர் 7-ஆம் தேதி ஸ்பிடாக் நிலநடுக்கத்தில் 25,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், கியும்ரி நகரமே நொறுங்கியது.

ஆகவே என் முதல் பதில்: கூரை வேண்டும். அழகுக்காகக் கேட்கவில்லை. சுவர் பிழைக்க வேண்டுமென்று கேட்கிறேன்.

---

புத்தகப்பூச்சி எழுதியது:

சுண்ணாம்பு சார் சொன்ன சிகிச்சை சரி. ஆனால் எந்தக் கூரை?

யெரெரூய்க்கின் மேற்பகுதி எப்படி இருந்தது என்பது நூறு வருடத்திற்கு மேலாக அறிஞர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம். மரச்சட்டமா, கல்லால் வளைத்த கூரையா? மேற்கு முகப்பின் இரண்டு பக்கமும் கோபுரம் இருந்தது, அதன் அடிப்பகுதி தெரிகிறது. கோபுரம் எவ்வளவு உயரம்? சிரியாவில் கல்ப் லோசே மாதிரியான ஆலயங்களில் இதே இரட்டைக் கோபுர முகப்பு உண்டு. அதை வைத்து ஊகிக்கலாம். ஊகம் காகிதத்தில் இருந்தால் நாளை அழித்து எழுதலாம். கல்லில் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுதான் உண்மை.

ஸ்வார்ட்னோட்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் நெர்சேஸ் என்ற தலைமைக் குரு 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய வட்ட ஆலயம். 10-ஆம் நூற்றாண்டில் விழுந்து மண்மூடிப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தபோது தோரோஸ் தோரமானியன் என்ற கட்டடக்கலைஞர், இது மூன்று அடுக்காக எழுந்த ஆலயம் என்று வரைந்து காட்டினார். பலர் நம்பவில்லை. 1906-இல் நிக்கோலாய் மார் என்ற தொல்லியலாளரின் குழு அனியில் ககிக் அரசரின் சிலையைக் கண்டெடுத்தது. ஸ்வார்ட்னோட்ஸைப் பார்த்து அவர் கட்டிய ஆலயத்தின் மாதிரியை அந்தச் சிலை கையில் ஏந்தியிருந்தது. தோரமானியன் வரைந்தது போலவே மூன்று அடுக்கு! இவ்வளவு பெரிய சான்று கிடைத்தும் அங்கே முழு ஆலயத்தை எழுப்பவில்லை. சில தூண்களையும் வளைவுகளையும் மட்டும் நிறுத்தினார்கள். யெரெரூய்க்குக் கையில் மாதிரி ஏந்திய அரசர் யாரும் கிடைக்கவில்லை.

கார்னியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. 1679 நிலநடுக்கத்தில் விழுந்த கோயில் அது. கற்கள் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அலெக்சாண்டர் சாகினியன் 1969 முதல் 1975 வரை அவற்றைச் சேர்த்து எழுப்பினார். இல்லாத கற்களுக்குப் பதிலாக வைத்த புதுக்கற்களை வேலைப்பாடு இல்லாமல் வெறுமையாக விட்டார், பார்ப்பவனுக்குத் தெரியட்டும் என்று. அதே கார்னியில், கோயிலை ஒட்டி 7-ஆம் நூற்றாண்டு ஆலயம் ஒன்றின் அடிச்சுவர் கிடக்கிறது. அதை யாரும் எழுப்பவில்லை, கவனித்தீர்களா?

---

மண்ணடிக்காரன் எழுதியது:

எல்லாரும் கூரையைப் பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் கல்லறை என்று இருக்கிறதே, அது எங்கே? சிலுவைக் கற்கள் உண்டா? படங்களில் பார்த்திருக்கிறேன், ஆள் உயரக் கல்லில் பின்னல் பின்னலாக.

---

தெற்குவாசல் எழுதியது:

மண்ணடி அண்ணா, நான் தலையாட்டாததற்குக் காரணமே அதுதான்.

முதல்முறை போனபோது நான் கல்லறைகளைப் பார்க்கவே இல்லை. புல்லுக்குள் ஏதோ கற்கள் கிடக்கின்றன என்று மிதித்துக்கொண்டு போனேன். இந்த முறை நிதானமாகத் தெற்குப் பக்கம் நடந்தேன். தரையோடு தரையாகப் படி வைத்த கல்பீடங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்று சிறுத்துக்கொண்டே போகிற சதுரங்கள், ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. 2009 முதல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸிலிருந்து வந்த ஆய்வுக்குழு ஆர்மீனிய ஆய்வாளர்களோடு சேர்ந்து பல கோடைகள் இங்கே வேலை செய்தது. ஆலயத்தைச் சுற்றிப் புதைகுழிகளும் வெளிப்பட்டன.

அந்தப் பீடங்கள்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகின்றன. நீங்கள் படத்தில் பார்த்தது கச்கார், அதாவது சிலுவைக்கல். அது 9-ஆம் நூற்றாண்டில்தான் உருவம் பெற்றது. தேதி பொறித்தவற்றில் மிகப் பழையது 879-இல் கட்ரனிதே அரசி கார்னியில் நிறுத்தியது. அதற்கு முன்னால், 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை, நான்கு பக்கமும் சிற்பம் செதுக்கிய உயரமான கல்தூண்களைப் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். யெரெரூய்க்கின் பீடங்கள் அந்தக் காலத்தின் தடம். மேலே நின்ற தூண்கள் போய்விட்டன. ஆனால் சிலுவைக்கல் பிறப்பதற்கு முன் இந்த மக்கள் இறந்தவர்களை எப்படி நினைத்தார்கள் என்பது அந்த வெற்றுப் பீடங்களில் இருக்கிறது.

சிலுவைக்கல்லை நடுகல் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. இறந்தவருக்காக நிறுத்துவார்கள். பாலம் கட்டியதற்கு, வெற்றி பெற்றதற்கு, உயிரோடு இருப்பவரின் ஆன்ம நலனுக்கு என்றும் நிறுத்துவார்கள். செதுக்கிய முகம் மேற்கைப் பார்க்கும். வணங்குபவர் அதன் முன் நின்றால் கிழக்கைப் பார்த்தபடி நிற்பார். குழியிலும் தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்தால் சூரியன் வரும் திசையைப் பார்த்து எழ வேண்டுமாம். இறந்தவரும் உயிரோடு இருப்பவரும் ஆலயத்தின் பலிபீடமும் ஒரே திசையில்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கூரை ஏற்றப் பெரிய கிரேன் வர வேண்டும். சாரம் கட்ட வேண்டும். அது எதன் மேல் நிற்கும்? தெற்கே பீடங்கள் இருக்கின்றன, சுற்றிலும் புதைகுழிகள் இருக்கின்றன. ஆலயத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அதைச் சுற்றிப் படுத்திருப்பவர்களை மிதிக்க வேண்டி வரும்.

---

நெய்தல் பாரிஸ் எழுதியது:

தம்பி, வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாரிஸுக்குப் பக்கத்தில் அல்ஃபோர்வில்லில் இருக்கிறேன். இங்கே ஆர்மீனியர் நிறையப் பேர். எங்கள் பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரின்ர அப்பா அனதோலியாவில் இருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். அப்பாவைப் பெற்றவர்கள் 1915-இல் ஆர்மீனியர் இனப்படுகொலையில் காணாமல் போனவர்கள். எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதே தெரியாது. ஒவ்வொரு ஏப்ரல் 24-ஆம் தேதியும் அவர் பூவோடு நினைவுக்கல்லுக்குப் போவார். "எனக்குப் போக ஒரு கல்லறை இல்லை, அதனால் எல்லாருடைய கல்லுக்கும் போகிறேன்" என்று ஒருமுறை என்னோடு கதைக்கும்போது சொன்னார்.

நீங்கள் போட்ட விவரங்களை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஊரில் சனங்கள் இருக்கினமா?" ஆலயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் அதுதான் அறிய ஆசை.

---

தெற்குவாசல் எழுதியது:

இருக்கிறார்கள் அக்கா. கொஞ்சம் பேர்தான்.

அனிபெம்சா பழைய ஊர் கிடையாது. 1926-இல் சோவியத் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்தது. பெயரிலேயே இருக்கிறது. பெம்சா என்றால் ரஷ்ய மொழியில் நுரைக்கல், எரிமலை கக்கிய லேசான கல். அந்த வீடுகளும் டஃப் கல்தான். நேர்த்தியாகத் திட்டமிட்டுக் கட்டியவை, பல இப்போது காலியாக நிற்கின்றன. கியும்ரி பக்கத்தில்தான். 1920-களில் இனப்படுகொலைக்குத் தப்பிய அநாதைக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் வைத்து வளர்த்த நகரம் அது. உங்கள் அம்மம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

2016-இல் யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு ஐரோப்பாவில் மிகவும் ஆபத்தில் இருக்கும் ஏழு பாரம்பரிய இடங்களின் பட்டியலில் யெரெரூய்க்கைச் சேர்த்தது. தனியாகச் சேர்க்கவில்லை, அனிபெம்சா கிராமத்தையும் இணைத்தே சேர்த்தார்கள். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்தது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது, அதோடு நிற்கிறது. அக்கரையில் அனி 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது.

நான் போன அன்று ஒரு பாட்டி வந்தார். ஆலயத்தின் கிழக்கு வளைவில், சுவரில் இருந்த ஒரு பிறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறை முழுக்கப் பழைய மெழுகு உருகிக் கறுத்திருந்தது. தினமும் வருவீர்களா என்று கேட்டேன். பனி இல்லாத நாளில் வருவேன் என்றார்.

---

யோவான் நெல்லை எழுதியது:

அந்தப் பாட்டிக்காகவே நான் பேசுகிறேன். மன்னிக்கவும், நான் எழுப்ப வேண்டும் என்ற பக்கம்.

நீங்கள் எல்லாரும் கல்லாக, சான்றாகப் பார்க்கிறீர்கள். அது ஜெபம் செய்யக் கட்டிய வீடு. அதன் தெற்குச் சுவரில் கிரேக்கத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறது என்று படித்தேன். 93-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். ஆண்டவரே, உமது இல்லத்திற்குப் பரிசுத்தமே என்றென்றும் தகும் என்ற பொருள். என்றென்றும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு ஒரு பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவது நமக்குப் படமாக அழகாக இருக்கலாம். அவருக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாட்டு வேண்டும், ஒரு குரு வேண்டும். சபை இல்லாத ஆலயத்தைப் பாதுகாத்து என்ன செய்வது?

---

புத்தகப்பூச்சி எழுதியது:

யோவான் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லாத பகுதி பெரிது. அந்த வரியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மாஷ்டோட்ஸ் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கியது 405 வாக்கில். சொந்த எழுத்து வந்த பிறகும் இந்த ஆலயத்தில் கிரேக்கத்தில் பொறித்திருக்கிறார்கள். சிரிய ஆலயங்களைப் போன்ற முகப்பு, கிரேக்க எழுத்து, ஆர்மீனிய டஃப். யார் யாரெல்லாம் வந்து போன இடம் இது!

ஆனால் நான் சொல்ல வந்தது ஜுல்ஃபாவைப் பற்றி. கல்லறை போனால் என்ன போகும் என்பதற்கு.

இன்று அசர்பைஜானுக்கு உட்பட்ட நகிச்செவானில், ஆரஸ் ஆற்றங்கரையில், பழைய ஜுல்ஃபா என்ற வணிக நகரம் இருந்தது. 1604-05-இல் பாரசீக அரசர் ஷா அப்பாஸ் அந்த மக்களை மொத்தமாகப் பெயர்த்து ஈரானுக்குக் கொண்டுபோய் இஸ்ஃபஹான் பக்கத்தில் குடியேற்றினார். ஊர் காலியானது, கல்லறைத்தோட்டம் அங்கேயே நின்றது. 1648-இல் பார்த்த ஐரோப்பியப் பயணி 10,000 கற்கள் என்று எழுதினார். சோவியத் காலத்தின் கடைசியில்கூடச் சுமார் 3,000 இருந்தன. 1998-இல் அசர்பைஜானில் அவற்றைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். 2005 டிசம்பரில் சீருடை அணிந்த ஆட்கள் பெரிய சுத்தியலால் உடைத்துக் குவிப்பதை ஈரான் பக்கக் கரையிலிருந்து படம் பிடித்தார்கள். 2003, 2009 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2010-இல் உறுதி செய்தது: தரை மட்டம். அந்த 2010-இல்தான் சிலுவைக்கல் செதுக்கும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது மிஞ்சியிருப்பதில் மிகப் பெரியது செவான் ஏரிக்கரையில் உள்ள நொராடுஸ் கல்லறைத்தோட்டம். நூற்றுக்கணக்கான கற்கள். கல்யாண விருந்தும் குதிரையும் உழவனும் செதுக்கிய கல்லறைகள். அங்கே ஒரு கிராமக் கதை உண்டு: படையெடுத்து வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்துப் பயந்து நிற்கட்டும் என்று சிலுவைக்கற்களுக்குத் தலைக்கவசமும் வாளும் மாட்டினார்களாம். ஊரைக் காக்க இறந்தவர்களை முன்னால் நிறுத்திய கதை.

---

மண்ணடிக்காரன் எழுதியது:

ஜுல்ஃபா என்ற பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. நான் இருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சென்னை ஆர்மீனியன் தெருவில் ஆர்மீனிய ஆலயம் இருக்கிறது. 1712-இல் முதலில் கட்டி, 1772-இல் திரும்பக் கட்டியது. முற்றம் முழுக்கத் தரையோடு பதித்த கல்லறைக் கற்கள், சுமார் 350. மணிக்கூண்டில் ஆறு மணிகள்.

சென்னைக்கு வந்த ஆர்மீனிய வணிகர்கள் பெரும்பாலும் இஸ்ஃபஹானின் புது ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்கள். அப்படியானால் அவர்களுடைய பாட்டன் பூட்டன் கல்லறைகள்தானே அந்த ஆற்றங்கரையில் உடைந்தவை? சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1751-இல் இங்கே இறந்தார். உடல் வேப்பேரியில், இதயம் மட்டும் புது ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது என்பார்கள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அஸ்தராரை 1794-இல் சென்னையில் அச்சிட்ட ஹருத்யூன் ஷ்மவோனியன் இதே முற்றத்தில்தான் படுத்திருக்கிறார்.

இத்தனை வருடமும் அந்தக் கற்களை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். யெரெரூய்க் பீடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கல்லறைகள் இவ்வளவு ஒட்டி இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கூரை இல்லாமலும் சுவரைக் காக்க முடியும். சுவரின் தலையில் திறந்து கிடக்கும் நடுப்பகுதியைச் சுண்ணாம்புக் காரையால் மூடி, தண்ணீர் வெளியே வழியும்படி சரிவு கொடுக்க வேண்டும். சிமெண்ட் கூடவே கூடாது. டஃபைவிட அது கெட்டி. ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், பிறகு கல்தான் உதிரும். தளர்ந்த வெளிக்கல்லை அதே இடத்தில் அதே காரையால் இறுக்க வேண்டும். தரையில் விழும் தண்ணீர் கல்மேடைக்கு அடியில் போகாமல் திருப்பிவிட வேண்டும். ஆனால் அந்த வாய்க்காலைக்கூடத் தொல்லியலாளர் பக்கத்தில் நிற்காமல் வெட்டக் கூடாது, ஓர் அடி தோண்டினால் குழி வரலாம். இதற்கெல்லாம் கிரேன் வேண்டாம். ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், ஒவ்வொரு வருடமும் திரும்ப வர வேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் எங்கேயும் நடப்பதில்லை. எழுப்புவதற்குக் காசு தருபவர்கள் வருடா வருடம் காரை பூசக் காசு தருவதில்லை. என் அனுபவத்தில் ஒரு பழைய கட்டடத்தை இப்படித்தான் இழந்தோம். திறப்பு விழா நடந்தது, அப்புறம் பத்து வருடம் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

யோவான் தம்பி கேட்கும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, ஊருக்குள் இருக்கும் காலிக் கட்டடம் ஒன்றில் நடக்கலாமே? அதற்குக் கூரை போட ஒரு கல்லறையையும் தொட வேண்டியதில்லை.

---

யோவான் நெல்லை எழுதியது:

அது எனக்குச் சம்மதம் ஐயா. ஊருக்குள் ஒரு சிற்றாலயம், பெரிய திருநாளில் எல்லாரும் இடிபாட்டுக்கு நடந்து போய் வழிபாடு. கல்லறைகளுக்கு நடுவே நின்று பாடுவது எங்கள் பக்கமும் உண்டு, நவம்பர் 2-ஆம் தேதி நாங்கள் அதைத்தானே செய்கிறோம். தெற்குவாசல் தம்பி, ஒரு கேள்வி. அந்தக் கிரேக்க வரியை நேரில் படிக்க முடிகிறதா?

---

தெற்குவாசல் எழுதியது:

நண்பகலில் தேடினேன், தட்டுப்படவே இல்லை. வெயில் நேராக அடிக்கும்போது எழுத்தின் பள்ளம் தெரிவதில்லை. மாலையில் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தபோது பாட்டிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுத்து இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. போகிற வழியில் புல்லுக்குள் இருந்த பீடங்களைச் சுற்றி வளைந்து நடந்தார். நானும் அவர் காலடி பார்த்து வளைந்து நடந்தேன்.